கைராசிக்காரி கேட்ட விடுப்பு

சங்ககிரியில் சௌந்திரம் என்று சொன்னால், எந்தச் சௌந்திரம், கைராசிக்காரச் சௌந்திரமா என்று திருப்பிக் கேட்பார்கள். அப்படிக் கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்காது. அவளுக்குப் பிடிக்காததால் எனக்கும் பிடிக்காது. பின்னாளில் ஈரோட்டிலும் சேலத்திலும் இருந்த கம்ப்யூட்டர் ஆபீசுகளுக்கெல்லாம் அவள் போய், மெஷினை எழுப்புகிற பிளாப்பித் தட்டுகளைத் தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதை ராசி என்றா சொல்வார்கள்? பொறுமை என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான். இதில் யார் என்ன சொன்னாலும் நான் கேட்பதாக இல்லை.

அவள் பிறந்த ஊர் சேந்தமங்கலம். தகப்பன் அவளுடைய சின்ன வயதிலேயே தவறிவிட்டார். தாய் அத்தாயி எருமை வைத்துப் பால் ஊற்றி, மகளைப் பதினொன்றாம் வகுப்பு வரை படிக்க வைத்தாள். நாமக்கல்லுக்கு பஸ் ஏற்றிவிட்டு டைப்பும் கற்றுக்கொள்ளச் செய்தாள். பிறகு சங்ககிரிக் கந்தவேலுக்குக் கட்டிக் கொடுத்தாள். கந்தவேலுக்கு போர்வெல் துளை போடுகிற ரிக் வண்டியில் வேலை. ரிக்குக்காரனைக் கட்டிக்கொண்டவளுக்குப் புருஷன் மழைக்காலத்தில்தான் வீட்டில் இருப்பான். மழை விட்டு மண் இறுகியதும் வண்டி ஆந்திராவுக்கோ மத்தியப் பிரதேசத்துக்கோ கிளம்பிவிடும். மாமனார் மாமியாரும் இல்லாத வீடு. ஒண்டியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், அர்த்தநாரி முதலாளியின் லாரி ஆபீசுக்கு பில் அடிக்க வந்து சேர்ந்தாள். அந்த ஆபீசைக் கூட்டிப் பெருக்கி, எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுப்பது என் வேலை. அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம்.

அர்த்தநாரி முதலாளி கிளீனராக ஏறி, டிரைவராகி, கடைசியில் ஏழெட்டு லாரிக்குச் சொந்தக்காரர் ஆனவர். நல்ல மனசு. ஆனால் லாரித் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புது வண்டியில் முதலில் யார் சாவி போடுகிறார்கள், முதல் மூட்டையை யார் தொட்டு ஏற்றுகிறார்கள் என்று பார்ப்பார்கள். ராசியான கை என்று ஒன்று, ராசியில்லாத கை என்று ஒன்று. முதலாளி இதில் ஊறியவர். எங்கள் ஆபீஸ் கிளார்க் கருப்பண்ணன் ஒருமுறை ஒரு லாரிக்குக் கொடி அசைத்து அனுப்பினார். அது பவானி போவதற்குள் இரண்டு டயர் வெடித்துவிட்டது. அதிலிருந்து எந்த வண்டி கிளம்பினாலும் கருப்பண்ணனை உள்ளே போய் உட்காரச் சொல்லிவிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் உள்ளே போய் பில் எழுதுவார்.

எண்பத்தைந்தாம் வருடம் முதலாளி ஆபீஸ் மாடியில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார். சுற்றுவட்டாரத்து நூல் மில்லுகளுக்குச் சம்பளப் பட்டியல், மற்ற லாரி கம்பெனிகளுக்கு வாடகைக் கணக்கு, இதெல்லாம் போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. முதலில் வந்த மெஷின் பீரோ அகலம் இருந்தது. மெட்ராசிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து இன்ஜினியர் ஒருவர் வந்திருந்தார். நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்து சுவிட்சைப் போட்டார்கள். விளக்கு எரிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. எட்டிப் பார்த்த டிரைவர் ஒருவர், செல்ஃப் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்ஜினியர் உள்ளே போட்டிருந்த தட்டை உருவிவிட்டு, பெட்டியைத் துழாவி இன்னொரு தட்டை எடுத்தார். பிளாப்பி என்பார்கள். கறுப்பாக, அப்பளம் போல மெல்லிசாக, சதுரமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும். அவர் கையெல்லாம் தேங்காய்த் தண்ணீர். அதனால் பக்கத்தில் நின்ற சௌந்திரத்திடம் கொடுத்து, அந்த வாயில் போடம்மா என்றார். அவள் போட்டாள். கரகரவென்று சத்தம் வந்து, பச்சை பச்சையாக எழுத்து ஓடியது.

தட்டைத் தேடி எடுத்தவர் இன்ஜினியர். முதலாளி பார்த்ததோ சௌந்திரத்தின் கையை மட்டும். அன்றைக்கு ஆரம்பித்தது.

அந்தத் தட்டு என்ன செய்கிறது என்று எனக்கு விளங்கும்படி சொன்னவள் அவள்தான். ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னாள்.

"கை பம்பு காஞ்சு கெடந்தா எத்தன அடிச்சாலும் தண்ணி வருமுங்களாக்கா? மொதல்ல ஒரு சொம்பு தண்ணி ஊத்தோணும். அந்தத் தண்ணியா குடிக்கப் போறோம்? அது உள்ள போயி அடியில கெடக்கற தண்ணியெ இழுத்துக்கிட்டு வரும். இந்தத் தட்டுல மொதல்ல இருக்கறது அந்த ஒரு சொம்புத் தண்ணிதான். சுவிட்ச அணைச்சா மெஷினுக்கு எல்லாமே மறந்து போகும். தட்டு இருக்கற வாயெப் பாக்கோணும்ங்கறது ஒண்ணுதான் மறக்காது."

எங்கள் ஆபீசில் அதற்கு செல்ஃப் தட்டு என்றே பெயராகிவிட்டது. லாரிக்கு செல்ஃப் இருக்கிற மாதிரி.

முதல் மெஷினுக்குப் பெரியவன் என்று பெயர் வைத்தோம். பிறகு சின்னதாக ஒன்று வந்தது, அவன் சின்னவன். ஈரோட்டுச் சாயப்பட்டறைக்காரர் ஒருவர் விற்றதை முதலாளி வாங்கிப் போட்டார், அவன் ஈரோட்டுக்காரன். மூன்று பேருக்கும் மூன்று விதச் சொம்பு. ஒருவனுக்கு ஊற்றுவது இன்னொருவனுக்கு ஆகாது. சிலது இரண்டு பேருக்கும் ஆகும். ஈரோட்டுக்காரனோடு ஒரு சாக்கு நிறையத் தட்டு வந்தது. இன்ஜினியர் வரும்போதெல்லாம் புதிதாக ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார். பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு. எது எவனை எழுப்பும் என்பது சௌந்திரத்தின் மண்டைக்குள்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. போய் வந்தால் மூன்று பேரையும் மறுபடி எழுப்ப வேண்டும். வீட்டுக்குச் சாப்பிடப் போனவளைப் பாதிச் சோற்றில் கூப்பிட ஆள் வரும். முதலாளி வேறு யாரையும் தட்டைத் தொட விடமாட்டார். அம்மிணி கை பட்டால்தான் ஆகும் என்பார். இந்தப் பேச்சு கீழே கடைத்தெருவுக்கும் இறங்கியது. புது லாரிக்குத் தேங்காய் உடைக்க அவளைக் கூப்பிட்டார்கள். ஜவுளிக் கடைக்காரர் முதல் போணிக்குக் கூப்பிட்டார். கோழியை அடை வைப்பதற்கு முட்டையைத் தொட்டுக் கொடு என்று ஒருத்தி கூடையோடு வந்து நின்றாள். சௌந்திரம் சிரித்துக்கொண்டே தொட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு இருக்காது. கல்யாணமாகி வந்த பிறகு இரண்டு முறை அவளுக்கு நின்று, இரண்டு முறையும் தங்காமல் போய்விட்டது. அது ஆபீசில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த வருடம் சேந்தமங்கலத்தில் மாரியம்மன் திருவிழா. போய் வாரேன் என்று கெஞ்சி, முதலாளியிடம் சில நாள் லீவு வாங்கினாள். போவதற்கு முன்னால் மூன்று மெஷினுக்கும் வேண்டிய தட்டுகளை மேசைமேல் வரிசையாக அடுக்கி, எது எவனுக்கு என்று கருப்பண்ணனிடம் காட்டி, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

கருப்பண்ணன் வேலையில் சுத்தமானவர். லாரி ஆபீசில் எந்தக் காகிதமும் மேசைமேல் கிடக்கக் கூடாது. வளைந்த கம்பியில் குத்தி ஆணியில் மாட்டிவிட வேண்டும். பில், ரசீது, டீசல் சீட்டு எல்லாம் கம்பியில்தான் தொங்கும். மேசைமேல் தட்டுகள் பரப்பிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் நடுவில் ஓட்டை வேறு இருக்கிறது. கம்பிக்காகவே வைத்த ஓட்டை என்று நினைத்துவிட்டார் மனுஷர். எல்லாவற்றையும் கோர்த்து, ஜன்னல் பக்கம் ஆணியில் மாட்டி, தூசி படாமல் இருக்கத் துணியால் துடைத்தும் வைத்தார். அது நான் டீ டம்ளரைப் புளி போட்டு விளக்கித் துடைத்த துணி.

மறுநாள் மூன்று பேரில் ஒருவனும் எழுந்திருக்கவில்லை. முதலாளி காரை அனுப்பிவிட்டார். திருவிழாவில் மாவிளக்குத் தட்டோடு நின்றவளை அப்படியே ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

அவள் மாடி ஏறி வந்து கம்பியைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சிலது வளைந்திருந்தது, சிலது கீறியிருந்தது. நல்ல வேளையாக முக்கியமான தட்டுகளுக்கு நகல் எடுத்துத் தன் டிபன் பையில் வைத்திருந்தாள். அதைப் போட்டாள். மூன்று பேரும் எழுந்தார்கள்.

முதலாளி கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவர், பாத்தியா ராமாயி, கை வெச்சா எந்திரிக்கறானுங்க என்றார் என்னிடம். சௌந்திரம் கம்பியைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். கருப்பண்ணனும் நான்தானுங்க கோர்த்தேன் என்று முன்னால் வந்து ஒப்புக்கொண்டார். முதலாளி இரண்டு பேர் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. கம்பியில் குத்திய பில் என்றைக்காவது கெட்டிருக்கிறதா, இது மட்டும் எப்படிக் கெடும் என்று சொல்லிவிட்டார்.

அந்த மழைக்காலம் கந்தவேல் வந்து போனான். சௌந்திரத்துக்கு மறுபடி நின்றது. சேலத்தில் பெண் டாக்டர் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். நானும் கூடப் போனேன். இந்த முறை தங்க வேண்டுமானால் நாலாம் மாதம் முடிந்ததும் படி ஏறக் கூடாது, பஸ்ஸில் போகக் கூடாது, தாய் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தம்மா கறாராகச் சொன்னார்.  வீட்டு வாசலுக்கு வந்ததும் சௌந்திரம் என்னைப் பிடித்து நிறுத்தினாள். முதலாளியிடம் எப்படிக்கா கேட்பது என்றாள்.

கேட்டாள். அவர் திடுக்கிட்டுத்தான் போனார். அவளுக்காக உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். கூடையோடு சாத்துக்குடி வாங்கி வரச் சொன்னார். ஆனால் லீவு என்றதும் முகம் இறுகிவிட்டது. சனிக்கிழமை சம்பளப் பட்டியல் போகாவிட்டால் மில்லில் வேலை செய்கிற பெண்கள் கேட்டிலேயே நிற்பார்கள், அந்தப் பாவம் வேண்டாம் என்றார். மாடி அறையிலேயே கட்டில் போட்டுத் தருகிறேன் என்றார். ஏசி ஓடுகிற அறை, சேந்தமங்கலத்தில் அந்தக் குளிர்ச்சி கிடைக்குமா என்றார். படி ஏற வேண்டாம், லோடுமேன் நாலு பேரை விட்டு நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் உட்கார வைக்கச் சொல்கிறேன் என்றார்.

"நா என்னுங்க, தேர்ல வெக்கற சாமியா?" என்றாள் சௌந்திரம்.

"சாமிதான் அம்மிணி. உன்ற கையிலதான இந்த ஆபீசே நிக்குது."

சௌந்திரம் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கையில ராசி இருந்திருந்தா, எனக்கு இன்னேரம் ரெண்டு பேரு ஓடியாடித் திரிஞ்சிருப்பாங்கொ மொதலாளி."

முதலாளி எழுந்தார். சாத்துக்குடிக் கூடையை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கீழே போய்விட்டார். போனாரே தவிர, லீவு தருகிறேன் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் படுத்துக்கொள் என்று நான் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். கேட்டில் நிற்கப் போகிற பெண்களில் பாதிப் பேரை அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு யார் போட்டாலும் மூன்று பேரும் எழுந்திருக்கிற மாதிரி செய்துவிட்டுத்தான் போவேன் என்றாள். நாலாம் மாதம் முடிய அப்போது இன்னும் நாள் இருந்தது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் அவள் வேலை ஆரம்பிக்கும். சாக்கிலிருந்து ஒரு தட்டை எடுப்பாள். மூன்று மெஷினிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பாள். எழுந்தானா, எழுந்து என்ன சொன்னான், அடுத்து என்ன கேட்டான் என்று எழுதுவாள். எழுதுவதற்கு அட்டை நான்தான் கொடுத்தேன். லாரி ஆபீசுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகைக்குக் கணக்கே இல்லை. அதன் பின்பக்கம் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். ஒரு தட்டுக்கு ஓர் அட்டை. முன்பக்கம் யாரோ மாப்பிள்ளை பெண் பெயர், பின்பக்கம் பெரியவனின் குணம்.

முதலில் மெஷினுக்கு ஒரு பெட்டி என்று மூன்று பெட்டியில் பிரித்தாள். அது சரிப்படவில்லை. சின்னவனையும் ஈரோட்டுக்காரனையும் ஒரே தட்டு எழுப்பினால் அதை எந்தப் பெட்டியில் வைப்பது? ஒரு தட்டு போட்டால் மெஷின் எழுந்து சும்மா நிற்கும், நீ சொல்வதைச் செய்கிறேன் என்கிற மாதிரி. இன்னொன்று எழுந்ததும், எனக்கடுத்து இன்னொரு தட்டு இருக்கிறது, அதைக் கொண்டு வா என்று கேட்கும். ஈரோட்டுக்காரன் வயிற்றுக்குள்ளேயே ஒரு பெரிய தட்டு உண்டு. சில செல்ஃப் தட்டு அதைத் தட்டி எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சிலதில் சொம்புத் தண்ணீரே இல்லை. வெறும் கணக்கு மட்டும் இருக்கும். அதைப் போட்டால் வேறு தட்டு போடு என்று மெஷின் திட்டும். இத்தனையையும் மூன்று பெட்டிக்குள் எப்படி அடக்குவது? பெட்டியை மாற்றி மாற்றி வைத்து அவளுக்கு அலுத்துப் போனது.

கருப்பண்ணனுக்குக் கம்பி விஷயத்தில் மனது உறுத்திக்கொண்டே இருந்தது. ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று மாடிக்கு வந்து நிற்பார். நிற்பாரே தவிர, எதையும் தொடமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் பெட்டியை மாற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் கேட்டார்.

"ஏனுங் அம்மிணி, குடோன்ல மூட்டைய எந்த லாரியில வந்துச்சுன்னு பாத்தா அடுக்கறோம்? எங்க எறங்கோணும்னு பாத்துத்தான அடுக்கறோம்?"

சௌந்திரம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மூன்று பெட்டியையும் தரையில் கவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு வேகமாக நடந்தது. எந்த மெஷின் என்பதைத் தள்ளிவிட்டு, கடைசியில் எங்கே போய் இறங்குகிறோம் என்று பிரித்தாள். சம்பளப் பட்டியலுக்குக் கொண்டுபோய் விடுகிற தட்டெல்லாம் ஒரு பக்கம். லாரி வாடகைக் கணக்குக்குக் கொண்டுபோகிறது ஒரு பக்கம். எழுந்து சும்மா நிற்கிறது, பழுது பார்க்க வருகிற இன்ஜினியருக்கு. எழுப்பாத தட்டெல்லாம் தனியாக, யாரும் தொடாமல் இருக்க அலமாரியின் அடித்தட்டில். மூட்டைக்கு ஊர் வாரியாக மை பூசுகிற மாதிரி, ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு நிறத்தில் காகிதம் ஒட்டினாள். தட்டின் மேல் பேனாவால் அழுத்தி எழுதக் கூடாதாம், முதலிலேயே எழுதித்தான் ஒட்ட வேண்டுமாம். அட்டையில் தமிழில் எழுதினாள். எவனுக்குப் போடுவது, எந்தப் பக்கம் மேலே, என்ன சத்தம் வரும், வராவிட்டால் என்ன பார்ப்பது, அடுத்து எந்த நிறத்துத் தட்டு. கருப்பண்ணன் எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவர் தடுக்குகிற இடத்தையெல்லாம் அவள் அடித்துவிட்டு எளிதாக மாற்றி எழுதினாள்.

நாலாம் மாதம் முடிந்தது. டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவள் படி ஏறவில்லை. காலையில் கார் பேசி, பெட்டி படுக்கையோடு ஆபீஸ் வாசலில் வந்து இறங்கி, கீழே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். முதலாளி வந்ததும், இன்றைக்குக் கருப்பண்ணன் அண்ணன் மேலே போய் மூன்றையும் எழுப்பட்டும், எழுந்தால் நான் போகிறேன், எழுந்திருக்காவிட்டால் நாற்காலியில் தூக்கிப் போங்கள் என்றாள்.

முதலாளி கருப்பண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். ஊரில் வேறு ஆளே இல்லையா என்று கேட்டார். நானே போய்ப் போடுகிறேன் என்றார். சௌந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை.

"உங்க கையும் ராசின்னு நாளைக்கு நீங்களே சொல்லுவீங்க மொதலாளி. ராசியே இல்லாத கைதான் வேணுமுங்க எனக்கு."

கருப்பண்ணனுக்கு இதில் கொஞ்சம்கூட வருத்தமில்லை. எங்கைக்கும் ஒரு வேலை வந்ததே என்று சொல்லிக்கொண்டு, கையைக் கழுவி வேட்டியில் துடைத்து, அட்டைக் கட்டோடு படி ஏறினார். நான் பாதிப் படியில் நின்றுகொண்டேன். அங்கே நின்றால் மேலேயும் தெரியும், கீழேயும் தெரியும். யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று பேச்சு.

பெரியவன் எழுந்தான். அந்தக் கரகரப்பு கீழே பெஞ்சு வரைக்கும் கேட்டது. முதலாளி மீசையைத் தடவிக்கொண்டார். சின்னவனும் கொஞ்ச நேரத்தில் ஒரு கூவல் கூவிவிட்டு எழுந்தான். அடுத்து ஈரோட்டுக்காரன்.

சத்தமே இல்லை.

கருப்பண்ணன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். கீழே முதலாளி படியின் அடியில் வந்து நின்று, போச்சா என்றார். சௌந்திரம் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு என்ன தப்பு என்று தெரிந்திருக்கும். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை.  முதலாளி பொறுக்க முடியாமல், போதும் அம்மிணி, நாற்காலியைக் கொண்டுவரச் சொல்கிறேன் என்று திரும்பினார்.

அப்போது மேலே கருப்பண்ணன் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். விளக்கு எரிந்தும் சத்தம் வராவிட்டால், தட்டை வெளியே எடு. வெள்ளைக் காகித உறையைக் கழற்றினாயா என்று பார்.

அதைப் படித்துவிட்டுத் தட்டை வெளியே எடுத்தார். காகித உறையோடுதான் உள்ளே திணித்திருந்தார். சட்டையோடு குளிக்கப் போனவன் மாதிரி இருந்தது. உறையைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டார். ஈரோட்டுக்காரன் முனகினான், இருமினான், எழுந்தான்.

நான் கீழே பார்த்தேன். சௌந்திரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி மேலே ஏறிப் போய் மூன்று மெஷினையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏதோ ஒளித்து வைத்திருப்பார்களோ என்று பார்க்கிற மாதிரி பின்பக்கமும் போய்ப் பார்த்தார். பிறகு கருப்பண்ணன் கையிலிருந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்தார். வரும்போது அவர் முகம் தெளிந்திருந்தது.

"அதாம் பாத்தேன். எழுதுன கை உன்றதுதான அம்மிணி. உன்ற எழுத்துல ராசி எறங்கியிருக்குது."

சௌந்திரம் வாயைத் திறந்தாள். இத்தனை நாள் உழைத்தது இதைக் கேட்பதற்கா என்று அவளுக்கு வந்திருக்கும். நான் இறங்கி வந்து அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். அவர் நம்பிவிட்டுப் போகட்டும், நீ கார் ஏறு என்று காதோடு சொன்னேன். அவள் ஏறினாள்.

பேசி வைத்த கார் டிரைவரை முதலாளி இறங்கச் சொன்னார். கடைசி நேரத்தில் மனசு மாறிவிட்டார் என்று நினைத்து நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் தானே ஸ்டீரிங்கில் உட்கார்ந்தார். நானும் அவளோடு பின்னால் ஏறிக்கொண்டேன். திருச்செங்கோடு, நாமக்கல் வழியாகச் சேந்தமங்கலம் போகிற வரைக்கும் மாட்டு வண்டி வேகத்துக்கு மேல் போகவில்லை. சாலையில் ஒரு சின்னப் பள்ளம் வந்தாலும் காரை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மெதுவாக இறக்கினார். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஆரன் அடித்துக் கத்தினார்கள். ஓட்டுவது யார் என்று தெரிந்ததும் அடங்கிவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து நான் பார்க்கப் போனேன். அத்தாயி எனக்குச் சோறு போட்டாள். சௌந்திரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஏதோ கொறித்துக்கொண்டிருந்தாள். காலையில் ஆபீஸ் திறக்கிற நேரமானால் இவள் ரோட்டையே பார்க்கிறாள், கார் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருகிறாள் என்று அத்தாயி என்னிடம் குறைபட்டாள். சௌந்திரம் என்னிடம் எதையும் நேராகக் கேட்கவில்லை. பெரியவன் எப்படி இருக்கிறான் என்றாள். எழுந்திருக்கிறான் என்றேன். ஈரோட்டுக்காரன் என்றாள். அவனும்தான் என்றேன். கரண்டு போய் வந்தால்? கருப்பண்ணன் போய்ப் போட்டுவிட்டு வருகிறார் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒருத்தருமே என்னெயெக் கேக்கலீங்களாக்கா?"

கேட்டார்கள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"கேக்கல சாமி. உன்ன யாருமே தேடல."

அவளுக்குக் கண் கலங்கியது. கலங்கினபடியே சிரித்தாள். பிறகு, இன்னும் கொஞ்சம் சோறு போடம்மா என்று தட்டை நீட்டினாள். வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள் என்று அத்தாயி என்னிடம் சாடை காட்டினாள். சாப்பிட்டுவிட்டு, டாக்டர் சொன்ன மாதிரி இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தவள், நான் பஸ் ஏறக் கிளம்பும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ரோட்டில் இரண்டு கார் போனது. அவள் புரளக்கூட இல்லை.

பெண் குழந்தை. முழு மாதம் இருந்து பிறந்தது. கந்தவேல் எங்கேயோ மத்தியப் பிரதேசத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தான், தந்தி போய்ச் சேர நாளானது. அவனுக்கு முன்னாலேயே முதலாளி என்னையும் கருப்பண்ணனையும் ஏற்றிக்கொண்டு காரில் வந்து இறங்கினார். தூளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழந்தையின் மூடிய விரலை ஒவ்வொன்றாக விரித்து உள்ளங்கையை உற்றுப் பார்த்தார். சௌந்திரம் எட்டி, அந்தக் கையைத் துணிக்குள் இழுத்து மூடிவிட்டாள்.

"இந்தக் கை சும்மா இருக்கட்டுமுங்க மொதலாளி," என்றாள்.